பத்துக்கு மேல் இருந்தால்

அன்று காலை வீட்டுக்குப் பின்னால் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுவது நல்லது. தட்டை மண்வெட்டியும் கையுமாக ஸ்டோர்காரர். ஜன்னலுக்கு உட்புறம், தையல் இயந்திரத்தின் முன்னால், அவர் மனைவி. வேலிக்கு அந்தப் பக்கம் எருக்குழியைக் கிளறிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கண்டக்டர். புல்வெளியின் மேல் மைனா நான்கு. புல்லுக்கு அடியில் இருந்தவர்களை அதுவரை யாரும் எண்ணவில்லை. எண்ணத்தான் ஸ்டோர்காரர் வந்திருந்தார்.

போல்ட்டும் நட்டும் செய்கிற தொழிற்சாலையில் சரக்கறையைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஒரு வாஷர் குறைந்தாலும் கதவைச் சாத்திவிடுவார். அது கிடைக்கிறவரை யாரும் சாப்பிடப் போக முடியாது. ஓய்வு பெற்ற நாளில் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த உதிரிகள் எல்லாம் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் நன்றி சொன்னார்.

இந்தக் கண்டிப்பு வீட்டில் செல்லுபடியாகவில்லை. அவர் எதைச் சொன்னாலும் மனைவி "சரிங்க" என்பாள். அந்தச் "சரிங்க"வுக்குப் பிறகு நடப்பது அவர் சொன்னதாக ஒருநாளும் இருந்ததில்லை. சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொன்னார்; பச்சை வந்தது. பூனை வேண்டாம் என்றார். அது இப்போது அவருடைய நாற்காலியில் தூங்குகிறது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் வைத்தது சட்டமாக நின்றது. அந்தப் புல்வெளி.

அதைப் பதித்தவள் அவர்களுடைய ஒரே மகள். டைல்ஸ் பதிக்கிற வேலை அவளுக்கு. கூட வேலை செய்த ஆண்கள் எல்லாரும் அவளைச் சின்ன மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு வசந்தத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். வண்டி நிறைய, மண்ணோடு பெயர்த்த புல் பத்தைகளை இறக்கினாள். நூல் கட்டி, முழங்கால் போட்டு, ரெண்டடிக்கு ரெண்டடிச் சதுரமாக, வரிசைக்கு நான்கு, ஆறு வரிசை பதித்தாள். அப்பா பின்னாலேயே குனிந்து இணைப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இங்க ஒரு நூல் அளவு விலகியிருக்கும்மா."

"அப்பா, இது புல்லு. போல்ட் இல்ல. விட்டா அதுவே வளந்து மூடிக்கும்."

வளர்ந்து மூடிக்கொண்டது. அந்த வருஷக் குளிரில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் நடந்து திரும்பவில்லை.

அதன் பிறகு அந்தப் புல்லின் மேல் யாரும் கால் வைக்கவில்லை. ஸ்டோர்காரர் வைக்க விடவில்லை. துணி காயப்போடும் கம்பி புல்வெளிக்குக் குறுக்கே இருந்ததால் ரெண்டு வருஷமாகத் துணி குளியலறையில் காய்ந்தது. அல்லது காயவில்லை. விருந்தாளிகள் ஓரமாக, சுவரை உரசிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். மனைவியின் ஜன்னல் நேரே புல்வெளியைப் பார்த்தது. அவள் திரை தைக்கிறவள். ஊரில் எத்தனையோ ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தவள், தன் ஜன்னலுக்கு ஒன்று தைத்துப் போட்டாள். அவர் அதை விலக்கிவிட்டார். புல்லைப் பார்க்க வேண்டுமே!

ஒரே ஒரு தடவை அவள் கேட்டாள். "என்னங்க, அந்தப் புல்லை எடுத்துட்டு நாலு தக்காளிச் செடி வைக்கலாமா? வெளியில உக்கார ஒரு எடம் வேணும் எனக்கு. மூச்சு முட்டுது."

அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். மூன்று நாள் பேசவில்லை. அவளும் பிறகு கேட்கவில்லை. அவள் கேட்பதை நிறுத்திவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். பிடிபடவில்லை.

இந்த வசந்தத்தில் குளிர் விட்டதும் புல்வெளியில் ஒரு மூலை பழுத்தது. காய்ந்த சருகை வாரியால் வாரினார். முள்கரண்டி போன்ற கருவியால் மண்ணில் காற்றுத் துளை போட்டார். எல்லாம் ஓரத்தில் பலகை போட்டு, அதன் மேல் படுத்துக்கொண்டு. பழுப்பு போகவில்லை. அதற்குள் மைனாக்கள் வந்து புல்லைக் கொத்திப் பிடுங்க ஆரம்பித்தன. விதைக்கடையில் கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தார்கள். அடியில் வெண்புழு இருக்கலாம், வேரைத் தின்னும், புல்லைச் சதுரமாகத் தூக்கிப் பார்த்து எண்ணவும், பத்துக்கு மேல் இருந்தால் அந்த இடத்தைக் காலி செய்யவும், இல்லாவிட்டால் பக்கத்துக்குப் பரவும்.

புல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் புல்லில் மண்வெட்டியை இறக்க வேண்டும். ஒரு வாரம் யோசித்தார். அப்புறம்தான் அன்று காலை.

"இறக்கிட்டீங்களா?" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"சும்மா இரு. இணைப்பைத் தேடறேன்."

"கண்ணுக்குத் தெரியுதா?"

"எனக்குத் தெரியும்."

பழுத்த மூலைச் சதுரத்தை அடியில் அறுத்துப் பாய் மாதிரி மடித்தார். மண்ணுக்குள் வெள்ளையாக, சுருண்டு, தலை மட்டும் காவி நிறத்தில் புழுக்கள். ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தார்.

"ஏழு."

"ஏழு இருந்தா என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். பத்துக்கு மேல இருந்தாத்தான்."

"பத்துக்கு மேல இருந்தா?"

"அந்தச் சதுரத்தை எடுத்துக் கொட்டிட்டு மண்ணைக் கிளறி வெயில் படப் போடணும். இல்ல, மருந்து அடிக்கலாம்."

"மருந்து வேண்டாங்க. எனக்கு இழுப்பு வந்துரும்."

"சரி, மருந்து வேண்டாம்."

"பத்துக்கு மேல இருந்தா எடுத்துடுவீங்க."

"விதி விதிதான்."

"சரிங்க" என்றாள் அவள். இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஸ்டோர்காரர் சதுரத்தை அதன் இடத்தில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, நீர் தெளித்தார். ஏழுதான். ஆனால் சரக்கறையில் ஒரு பெட்டியை மட்டும் எண்ணிவிட்டு மிச்சத்தை நம்புகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஒரு நாளைக்கு ஒரு சதுரமாக எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். மறுநாள் பார்க்க வேண்டிய சதுரத்துக்கு முந்தின சாயங்காலமே நாலு மூலையிலும் குச்சி நட்டு நூல் கட்டினார். கட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் அந்தச் சதுரத்தில் பத்து இருந்தது.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

"பத்து. தப்பிச்சோம்."

"பத்து போதாதா?"

"பத்துக்கு மேலன்னு போட்டிருக்கான். பத்துன்னா பத்துக்கு மேல இல்ல."

"அட, ஒண்ணுல போச்சே" என்றாள்.

"என்ன போச்சு?"

"ஒண்ணுல தப்பிச்சோமேன்னு சொன்னேன்."

அதற்கடுத்த நாள் பன்னிரண்டு.

ஸ்டோர்காரர் மூன்று தடவை எண்ணினார். பன்னிரண்டு பன்னிரண்டாகவே இருந்தது. கொழுத்த புழுக்கள். அவர் வெகுநேரம் குந்தியிருந்தார். பிறகு அந்தச் சதுரத்தைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி ரெண்டு கையிலும் தூக்கி, வேலியோரம் கொண்டுபோய்க் கவிழ்த்தார். திரும்பி வந்து காலியான மண்ணைக் கிளறினார். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு தரம் நிறுத்தினார். ஜன்னலில் இயந்திரச் சத்தமும் நின்றிருந்தது. பிறகு எப்போது தொடங்கியது என்று அவர் கவனிக்கவில்லை.

கண்டக்டர் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். பேருந்தில் கூட்டத்தை உள்ளே தள்ளியே பழகிய குரல் அவருக்கு. ரகசியம் சொன்னாலும் நாலு நிறுத்தத்துக்குக் கேட்கும்.

"என்ன அண்ணே, மீன் மாட்டுச்சா?"

ஸ்டோர்காரருக்குச் சுருக்கென்றது. நீர் அதிகமாக விட்டுப் புல்வெளியைக் குளமாக்கிவிட்டதாகக் குத்திக்காட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டார். குழாயை மூடினார். அன்றிலிருந்து நீரைப் பாதியாகக் குறைத்தார்.

அடுத்ததும் பன்னிரண்டு. அதற்கடுத்ததும் பன்னிரண்டு. சதுரம் சதுரமாகப் புல் வேலியோரம் போய்க் கவிழ்ந்தது. முதலில் தப்பித்த ரெண்டு சதுரங்களையும் விடவில்லை. மறுபடி சோதித்தபோது அவற்றிலும் பன்னிரண்டு பன்னிரண்டாக இருந்தது. மைனாக்களுக்கு நல்ல காலம். கண்டக்டர் நாள் தவறாமல் விசாரித்தார். "இன்னிக்கு எப்படி? பெருசா?" "ஒத்தையில போகாதீங்க அண்ணே, நானும் வர்றேன் ஒருநாள்." பக்கத்து வீட்டுக்காரருக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஸ்டோர்காரர் மனதுக்குள் வருத்தப்பட்டார். நல்ல மனிதர். தனியாக இருக்கிறார். பாவம்.

ஒருநாள் சாப்பிடும்போது அவர் சொன்னார்: "ஒரு விஷயம் எனக்குப் புரியல."

"என்னது?"

"நேத்தும் பன்னிரண்டு. முந்தாநாளும் பன்னிரண்டு. எங்க தோண்டினாலும் டஜன் கட்டி வச்ச மாதிரி பன்னிரண்டு. புழுவுக்குக் கணக்குத் தெரியுமா?"

"நம்ம வீட்டுப் புழு இல்லையா? பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டிருக்கும்."

"விளையாடாதே."

"நான் எங்க விளையாடறேன்? இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க."

மறுநாள் பதின்மூன்று இருந்தது. அதற்கடுத்த நாள் பதினொன்று. அப்புறம் பதினாறு. ஸ்டோர்காரருக்கு நிம்மதி வந்தது. இயற்கை என்றால் இப்படித்தான் முன்பின்னாக இருக்கும். வெகு திருப்தியோடு பதினாறையும் பொறுக்கினார்.

இன்னொன்றும் உறுத்தியது. முதல் நாள் பார்த்த ஏழும் தட்டில் சுருண்டு கிடந்தன. இப்போது வருகிறவை தட்டில் விட்டால் மல்லாந்து படுத்து, முதுகாலேயே ஊர்ந்து போயின. புதுச் சாதி என்று நினைத்துக்கொண்டார். மனைவியிடம் சொன்னபோது, "மனுஷங்கள்லயே எத்தனை விதம்" என்றாள்.

பதினைந்தாவது சதுரத்தைத் தூக்கியபோது அடியில் வேறொன்று கிடைத்தது. டைல்ஸ் பதிக்கும்போது இடைவெளி சரியாக இருக்க வைப்பார்களே, கூட்டல் குறி மாதிரிச் சின்ன பிளாஸ்டிக் துண்டு, அது. புல்லுக்கு அது வேண்டியதே இல்லை. அப்பா பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறாள். என்றைக்காவது இவர் சந்தேகப்பட்டுத் தூக்கிப் பார்ப்பார் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். ஸ்டோர்காரர் அதைத் துடைத்தார். சிரிப்பு வந்தது. சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு முகத்தை மண் கையாலேயே மூடிக்கொண்டார். மனைவி வெளியே வந்து, சுவரோரமாக அல்ல, கிளறிப்போட்ட மண்ணின் மேலேயே நேராக நடந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக ரெண்டு பேரும் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அவர் அப்போது கணக்கில் எடுக்கவில்லை. அன்றைக்குப் புழு எத்தனை என்றும் எண்ணவில்லை. அவள்தான் எண்ணி, "பதினாலு" என்றாள்.

அதற்குப் பிறகு கையில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. தூக்குவதும் கவிழ்ப்பதும் கிளறுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வேலையாகிவிட்டது. பசித்தது. ராத்திரி தூக்கம் வந்தது. காலியான வரிசையின் வழியாக ஒருநாள் மனைவி கம்பிவரை போய், ஒரு போர்வையைக் காயப்போட்டாள். அவர் பார்த்தார். அடுத்த சதுரத்துக்குக் குனிந்தார்.

கடைசியில் ஒரே ஒரு சதுரம் மிஞ்சியது. நட்ட நடுவில் இல்லை, அழகான மூலையில் இல்லை. மூன்றாவது வரிசையில், துணிக் கம்பிக்கு நேர் கீழே, பச்சையாக. அன்று சாயங்காலம் அதற்கு நூல் கட்டிக்கொண்டிருந்தபோது கண்டக்டரின் தலை வேலிக்கு மேலே வந்தது. கையில் ஒரு பழைய மாவு டப்பா.

"அண்ணே, இன்னிக்குக் கடைசி. எருக்குழி காலி. அண்ணிகிட்ட சொல்லிடுங்க, இனிமே புழு வேணும்னா கடையிலதான் வாங்கணும்."

"எந்தப் புழு?"

"தூண்டிலுக்குத்தான். தெனம் ஒரு டப்பா குடுக்கறேனே! நல்ல கொழுத்த புழுவாப் பொறுக்கி. நீங்க மீன் பிடிக்க ஆரம்பிச்சிருக்கீங்கன்னு அண்ணி சொன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை நாளா வீட்டுக்குள்ளயே கிடந்தவரு வெளியில வர்றாரேன்னு! ஆமா, இதுவரைக்கும் எத்தனை மீன் பிடிச்சீங்க?"

ஸ்டோர்காரர் நிமிர்ந்தார். கிளறிப்போட்ட மண்ணைப் பார்த்தார். வேலியோரம் கவிழ்ந்து கிடந்த புல்லைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"இருபத்துமூணு" என்றார்.

"அடேயப்பா!" என்றார் கண்டக்டர்.

டப்பாவோடு உள்ளே போனார். அவள் ஒரு நீளத் திரைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். டப்பாவை மேசை மேல் வைத்தார். அவள் டப்பாவைப் பார்த்தாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நான் மீன் பிடிக்கறேனாமே!"

"டாக்டரும் காத்தாட எங்கயாவது போகச் சொன்னாரே."

"சாயங்காலம் நான் குளிக்கப் போற நேரமா?"

"பழைய கரண்டியால ஓரத்தைக் கிளப்பி உள்ள தள்ளுவேன். ரெண்டு மூணு கடிச்சுக்கூட வச்சிருச்சு."

"நூல் கட்டி எடத்தையும் நானே காட்டிக்குடுத்திருக்கேன்."

"அது ஒத்தாசையா இருந்துச்சு."

அவருக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. வந்தது. "அவ கையால பதிச்சதும்மா அது."

"தெரியும். இந்த ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். நீங்க குனிஞ்சு இணைப்பைப் பாத்தீங்க. நான் அவ முதுகைப் பாத்தேன். தெனமும் அதேதான் தெரியுது எனக்கு. நீங்க திரையைக்கூட மூட விடல." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நானே எடுத்துப் போட்டிருக்கலாம். நீங்க தூங்கறப்ப ஆளைக் கூப்பிட்டிருந்தா ஒரு மணி நேரம். ஆனா அப்புறம் நீங்க எந்திரிச்சிருக்கவே மாட்டீங்க. உங்க கையாலதான் எடுக்கணும். நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. கணக்குச் சொன்னாக் கேப்பீங்க."

டப்பாவுக்குள் ஏதோ மெல்ல உரசியது.

"சரி" என்றார் அவர். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "கடைசியையும் எடுத்துடறேன். எதுக்கு ஒண்ணு மட்டும்? காலையில எடுத்துடறேன்."

"டப்பாவுல எத்தனை புழு இருக்கு?"

"அதெல்லாம் எதுக்கு இப்போ? நான்தான் எடுக்கறேன்னு சொல்றேனே."

"அதெப்படி? விதி விதிதான். எண்ணாம ஒரு சதுரமும் எடுக்கல. எண்ணுங்க."

"நீ வைக்கப் போற புழுவை நான் எண்ணணுமா?"

"இத்தனை நாளா அதைத்தானே எண்ணினீங்க."

பழைய துணியை விரித்து டப்பாவை அவளே கவிழ்த்தாள். மண்ணை விரலால் விலக்கினாள். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒன்று ஒன்றாக நகர்த்தி எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாம் முறையும்.

"பத்து" என்றார்.

"பத்துன்னா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சொல்லுங்க, பத்துன்னா?"

"பத்துக்கு மேல இல்ல."

"அப்போ அது அங்கயே இருக்கட்டும்" என்றாள். "மேல கம்பி இருக்கு. துணி போடறப்ப நின்னுக்கறேன். கால் சுடாது."

"நிக்கலாம்" என்றார் ஸ்டோர்காரர். "உக்காரக்கூடச் செய்யலாம். ரெண்டு பேருக்கு எடம் போதாது."

"போதும். நீங்க ஒரு நூல் நகந்துக்கிட்டா."

அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார், பத்தையும் மைனாக்களுக்குப் போட. போகும்போது கட்டிய நூலை அவிழ்த்தார். குச்சிகளைப் பிடுங்கினார். எதற்கோ திரும்பி ஜன்னலைப் பார்த்தார். மனைவி எழுந்து நின்று, இவ்வளவு நேரமும் முந்தானைக்குள் மூடியே வைத்திருந்த இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி விரித்தாள்.

கீழே விழுந்த புழுக்கள் இரண்டு.